இத்தா அறையின் உத்தரம்

ராத்தா,

இன்று காலை அலுமாரியை நகர்த்தியபோது பின்சுவரில் ஈர மண்ணால் ஒரு கோடு ஏறியிருந்தது. விரலால் கீறினேன், உள்ளே வெள்ளையாய்ப் பூச்சிகள் அசைந்தன. அந்த மண் வாசனையோடு நீங்களும் வந்துவிட்டீர்கள்.

மச்சான் மௌத்தாகி, மாத்தளை வீட்டின் உள்ளறையில் கணவனை இழந்தவளுக்குரிய நாலு மாதம் பத்து நாள் நீங்கள் இத்தா இருந்த, ஐம்பதுகளின் அந்த மார்கழி. ஓயாத தூறல், ரிவர்ஸ்டன் மலையே தெரியாத மூட்டம். குளிரில் பூச்சிகள் ஒடுங்கும் என்று நான் படித்திருந்தேன். நம் ஊர்க் குளிர் கறையானுக்குக் குளிரே அல்ல என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

"தம்பி, ஒன்ட மச்சான் மேல இருந்து பேசுறாரு" என்றீர்கள்.

நாற்காலியில் ஏறி உத்தரத்தில் காதை வைத்தேன். காய்ந்த இலையை யாரோ கசக்குவது போல ஒரு சத்தம்.

"கறையான், ராத்தா."

"ஒனக்குக் கறையான்."

இத்தா முடியும்வரை அந்நிய ஆண் உள்ளே வர முடியாது. மரவேலை பாஸை அழைக்க வழியில்லை. மண்ணெண்ணெய் ஊற்றவா என்றேன், அழுதீர்கள். உத்தரமோ உங்கள் கட்டிலுக்கு நேர்மேலே. கட்டிலை நகர்த்தவும் விடவில்லை. கடைசியில் நானே ஒரு கமுகந்தடியை முட்டுக் கொடுத்தேன்.

"ஒன்னெப் போலயே பயந்து நிக்கிது" என்று, மச்சான் போன பிறகு முதல்முறையாகச் சிரித்தீர்கள்.

தினமும் வந்து தடியின் ஆப்பைத் தட்டிப் பார்ப்பேன். நீங்கள் மேலே பார்த்து, நாவுலைக்கு வியாபாரத்துக்குப் போய்த் திரும்பியவரிடம் கேட்பதுபோல், "சாப்பிட்டீங்களா?" என்பீர்கள். சத்தம் ஒரு கணம் நிற்கும். பிறகு தொடரும். நான் ஆப்பை இன்னொரு முறை தட்டுவேன்.

இத்தா முடிந்ததும் பாஸ் வந்தார். உளி பட்டதும் உத்தரம் பப்படமாய் நொறுங்கியது.

"மாத்தயா, மேல் பூச்சு மட்டும்தான் மிச்சம். இந்தத் தடி இல்லாட்டி அக்கா இல்ல."

புது மரம் ஏறியது, தார் பூசினார்கள். அறை அடங்கியது. நீங்கள் நிலைப்படியில் நின்று வெகுநேரம் காதுகொடுத்தீர்கள்.

"இப்பதான் தம்பி, அவரு மௌத்தானாரு."

இத்தா முடிந்து களைந்து வைத்திருந்த வெள்ளைச் சேலையை மறுபடி எடுத்து உடுத்தினீர்கள்.

அக்காவைக் காத்த தம்பி என்று ஊர் என்னை மெச்சியது. எதைக் காத்தேன் என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. வீட்டில் கேட்கும் எந்தச் சத்தத்துக்கும் இப்போது நான் பயப்படுவதில்லை, ராத்தா. ஏதாவது ஒன்று சட்டென்று நின்றுபோனால் மட்டும், அது மறுபடி தொடங்கும்வரை அசையாமல் இருக்கிறேன்.