இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பிள்ளையின் மருந்து

அனுப்புநர்:
திருமதி மாக்கிறட் சிங்கராசா,
தேவாலய வீதி,
தலைமன்னார்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
சுகாதாரத் துறை,
மாகாணச் செயலகம்.

பொருள்: என் பிழையினால் பாதிக்கப்பட்ட சிறுமி ஒருத்தியின் மருந்து முன்போல் வழங்கப்பட ஆவன செய்யுமாறும், பதினெட்டு வயதைக் கடந்த என் மகனின் கவனக்குறைபாட்டுக்குத் தொடர்ந்து மருந்து எழுதித்தர வைத்தியர் ஒருவரை ஒழுங்கு செய்யுமாறும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தலைமன்னாரில் வசிப்பவள். எங்கள் ஊர் கடற்றொழிலாளர் சங்கத்தில் எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். கணவர் சிங்கராசா கடற்றொழில் செய்பவர். எங்கள் ஒரே மகன் டிலோஜனுக்கு வயது பத்தொன்பது. அறுந்த வலைக்கும் உடைந்த படகுக்கும் நிவாரணம் கேட்டுச் சங்க உறுப்பினர்களுக்காக எத்தனையோ மனுக்கள் எழுதியிருக்கிறேன். அவற்றிலெல்லாம் பிழை வேறு யாருடையதாகவோ இருந்தது. இந்த மனுவில் பெரும்பங்கு பிழை என்னுடையது. அதை மறைத்து எழுதினால் தங்களால் நீதியாக எதையும் செய்ய முடியாது என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

2. டிலோஜன் சிறு வயதிலிருந்தே வகுப்பில் கதிரையில் இருக்கமாட்டான். சொன்னதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மறப்பான். குழப்படிக்காரன் என்று அடித்தார்கள், நானும் அடித்தேன். பிற்பாடு சிறுவர் உளநல வைத்திய நிபுணர் ஒருவர் அவனைப் பார்த்து, இது ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைபாடு, அடியால் மாறாது என்று விளக்கி மருந்து தொடங்கினார். அந்தக் கிழமையே ஒரு கணக்கை முடிவுவரை செய்துவிட்டு வந்து, "அம்மா, தலைக்குள்ள இருந்த இரைச்சல் நிண்டிட்டுது" என்றான். அதன் பிறகு சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்தான். இப்போது மன்னாரில் குளிரூட்டி திருத்தும் பயிற்சி பெறுகிறான். எங்கள் கரையில் ஐஸ் இல்லாமல் மீன் இல்லை. ஆகவே அது அவனுக்குச் சோறு போடும் தொழில்.

3. பதினெட்டு வயது பூர்த்தியானதும் சிறுவர் கிளினிக்கில் அவனை வைத்திருக்க விதியில்லை என்று கூறி, வயது வந்தோர் கிளினிக்குக்குக் கடிதம் தந்தார்கள். அந்தக் கடிதத்துடன் நாங்கள் அலைந்ததைச் சுருக்கமாகக் கூறுகிறேன். முதலில் பார்த்த வைத்தியர், இது சின்னப்பிள்ளைகளின் வருத்தம், வளர வளரப் போய்விடும் என்றார். அடுத்து வந்தவர் கடிதத்தை முழுமையாக வாசித்தார். ஆனால் தான் இடமாற்றம் பெற்றுப் போகவிருப்பதாகவும், கட்டுப்பாட்டிலுள்ள மருந்தைத் தொடங்கிவிட்டு இடையில் கைவிட முடியாது என்றும் சொன்னார். அவரிடத்திற்கு எவரும் வரவில்லை. யாழ்ப்பாணத்திற்குப் போனோம். அங்கிருந்த நிபுணர் மகனுடன் நெடுநேரம் கதைத்து, மருந்து அவசியம் என்று எழுதித் தந்தார். அந்தத் துண்டைக் கொண்டுவந்தால், இங்கு அந்த மருந்து சிறுவர் கிளினிக்குக்கு மட்டுமே எடுக்கப்படுகிறது, வெளித் துண்டுக்குத் தரமுடியாது என்றார்கள். தனியார் மருந்துக்கடைகளில் அப்படியொரு பெயரையே கேள்விப்படவில்லை என்றார்கள். எங்களை ஒருவரும் ஏசவில்லை, ஐயா. எல்லோரும் தன்மையாகத்தான் அடுத்த வாசலைக் காட்டினார்கள். அதனாலேயே நான் எந்த வைத்தியசாலையின் பெயரையும் வைத்தியரின் பெயரையும் இதில் எழுதவில்லை.

4. மருந்து நின்ற பின் மகன் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பினான். பயிற்சிக்குப் புறப்பட்டு வேறெங்கோ நின்றான். ஒரு நாள் பின்னேரம், தலைமன்னார்ப் பாதையில் காவலில்லாத புகையிரதக் கடவையை மோட்டார் சைக்கிளில் கடந்தபோது, வந்துகொண்டிருந்த ரயிலை அவன் காணவில்லை. ரயிலின் சத்தம் காதில் விழுந்ததாம். ஆனால் அது தனக்கானது என்று தோன்றவில்லையாம். மோட்டார் சைக்கிளின் பின் சில்லு தண்டவாளத்தைத் தாண்டியதும் ரயில் கடந்தது. வேலியோரம் நின்று பார்த்த ஒருவர் அவனைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார். அவன் அழவில்லை. "எனக்கு என்ன நடக்குது அம்மா?" என்று மட்டும் கேட்டான்.

5. இனி எழுதுவது என் பிழை. சிறுவர் கிளினிக்கில் காத்திருக்கும் வேளைகளில் பல வருடமாக என் பக்கத்து வாங்கில் இருந்தவர் முசலிக் கரையைச் சேர்ந்த றுமைஸா என்பவர். அவருடைய மகள் ஷப்னாவுக்கு ஒன்பது வயது. என் மகனுக்குக் கொடுத்த அதே மருந்துதான் அவளுக்கும். ரயில் சம்பவத்திற்குப் பிறகு ஒரு நாள் மன்னார் பஸ் நிலையத்தில் றுமைஸாவைக் கண்டு, நின்ற நிலையிலேயே அழுதேன். அவர் கைப்பையைத் திறந்து மருந்துக் குளிசை அட்டை ஒன்றை எடுத்து என் கைக்குள் வைத்தார். "அக்கா, லீவு நாளையில ஷப்னாவுக்குக் குடுக்கிறேல்ல. மிஞ்சிக் கிடக்குது, கொண்டுபோங்கோ" என்றார். அவரிடம் நான் கேட்கவில்லை, அவராகவே தந்தார். அது இரக்கம். அந்த இரக்கத்திற்காக அவர் தண்டிக்கப்படக்கூடாது என்பதை இங்கேயே வேண்டிக்கொள்கிறேன்.

6. ஆனால் இரண்டாம் முறை நான் கேட்டேன். மூன்றாம் முறையும் கேட்டேன். பிறகு கேட்கவேண்டியிருக்கவில்லை; ஒவ்வொரு கிளினிக் நாளிலும் வாசலில் போய் நின்றேன், அவர் தந்தார். லீவு நாட்களில் மிஞ்சுவது வளர்ந்த ஒருவனுக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். மிகுதி எங்கிருந்து வந்தது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதில் வரும் என்று பயந்தேன். மகனிடம் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் மூலம் வருகிறது என்று பொய் சொன்னேன். அவன் நம்பினான். பயிற்சிக்கு ஒழுங்காகப் போனான். மேசையில் பழைய குளிர்சாதனப் பெட்டியொன்றின் மோட்டாரைக் கழற்றிப் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நாட்களில் நான் சந்தோசமாக இருந்தேன் என்பதே இப்போது எனக்குத் தாங்கமுடியாததாக இருக்கிறது.

7. கடந்த மாதம் கிளினிக் வாசலில் றுமைஸாவைக் கண்டபோது ஷப்னாவின் வலது கை முறிந்து மாக்கட்டில் இருந்தது. பாடம் நடக்கும்போதே எழுந்து ஓடி, பாடசாலை மதிலில் ஏறி விழுந்திருக்கிறாள். ஆசிரியர்கள் முறைப்பாடு எழுதி அனுப்பியதாகவும், "டொக்டர், மருந்து வேலை செய்யேல்ல எண்டு அளவைக் கூட்டிப்போட்டா" என்றும் றுமைஸா சொன்னார். பள்ளிக்கூட நாட்களில் பிள்ளைக்கு முழுக்கக் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் பிள்ளையின் தலைமுக்காட்டைச் சரிசெய்தார். அது எனக்குப் பதிலாயிற்று. மருந்து வேலை செய்யாமல் போகவில்லை, ஐயா. அந்தப் பிள்ளையின் மருந்தை என் பிள்ளை குடித்திருந்தான்.

8. அவர்கள் பஸ் ஏறியதும் நான் திரும்பிப் போய்ச் சிறுவர் வைத்தியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி மருந்தில் இருந்த பிள்ளைக்குக் கூட்டிய மருந்தை முழுமையாகக் கொடுத்தால் என்ன ஆகுமோ என்ற பயம் என்னைப் பிடித்தது. வைத்தியர் என்னைக் கடியவில்லை. உடனே தொலைபேசி எடுத்து, கூட்டிய அளவைக் கொடுக்கவேண்டாம் என்று றுமைஸாவுக்கு அறிவித்தார். பிள்ளைக்குத் தீங்கு நேரவில்லை. அதற்காக மடுமாதாவுக்கு நன்றி சொல்கிறேன். ஆயினும் விடயம் மருந்தகத்திற்குப் போயிற்று. கட்டுப்பாட்டு மருந்து கைமாறியிருப்பதால் விசாரணை வைக்கப்பட்டது. முன்பு ஷப்னாவுக்கு மாதம் ஒருமுறை தந்த மருந்தை இப்போது கிழமைக்குக் கிழமை, பிள்ளையையும் கூட்டிவந்தால் மட்டுமே தருகிறார்கள். முசலியிலிருந்து மன்னாருக்கு வந்து போனால் அன்றைய பாடசாலை போய்விடும். பாடசாலையில் இருப்பதற்காக மருந்து குடிக்கும் பிள்ளை, மருந்து எடுப்பதற்காகப் பாடசாலைக்குப் போகாமல் இருக்கிறாள்.

9. பாவசங்கீர்த்தனம் செய்தேன். பங்குத்தந்தை மன்னிப்பை வழங்கிவிட்டு, அந்தத் தாயைப் போய்க் காணும்படி சொன்னார். போனேன். றுமைஸா என்னை வாசலில் நிறுத்தவில்லை. கதிரை போட்டார், பிளேன்ரீ தந்தார். பிறகு, "அக்கா, நீங்க செஞ்சது சரிதான். ஆனா டொக்டருக்குச் சொல்ல முந்தி எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றார். நான் அவரிடம் மன்னிப்பு மட்டும் கேட்டேன். ஏன் சொல்லவில்லை என்பதைத் தங்களிடம் கூறுகிறேன்: சொல்லியிருந்தால் அவர் கெஞ்சியிருப்பார், நானும் இரங்கியிருப்பேன், மகனின் குளிசையும் நின்றிருக்காது. என்னையே நம்பமுடியாமல்தான் அவருக்குச் சொல்லாமல் போனேன்.

10. வைத்தியரிடம் சொன்ன அன்றிரவே மகனுக்கும் சொன்னேன். "அப்ப நான் ஒரு சின்னப்பிள்ளையின்ர மருந்தையோ குடிச்சனான்?" என்று கேட்டான். மீதமிருந்த குளிசைகளை என்னிடம் தந்து, கிளினிக்கில் ஒப்படைக்கச் சொன்னான். ஒப்படைத்துவிட்டேன். கடல்மேல் போகிற குடும்பத்துப் பொடியனுக்கு மருந்து எதற்கு என்று முன்பு கேட்ட என் கணவர், இப்போது கடலுக்குப் போகாத நாட்களில் அவனோடு பஸ்ஸில் மன்னார்வரை போய்வருகிறார். மோட்டார் சைக்கிளை இனித் தொடுவதில்லை என்று மகன் தானாகவே சொல்லிவிட்டான். பயிற்சியின் இறுதிச் செய்முறைப் பரீட்சை நெருங்குகிறது. மின்சாரத்தோடும் வாயுவோடும் செய்யும் வேலை அது. கவனம் தவறினால் புள்ளி மட்டும் போவதில்லை.

11. ஆகவே ஐயா, நான் தாழ்மையுடன் வேண்டுவன பின்வருமாறு:

(அ) சிறுமி ஷப்னாவின் மருந்தை முன்போல் மாதம் ஒருமுறை வழங்கவும், அவளுடைய தாயார் மீதான விசாரணையை எச்சரிக்கையுடன் முடித்துக்கொள்ளவும் ஆவன செய்யவேண்டும். தண்டனை எதுவும் அவசியமாயின் அதை என் பெயரில் எழுதவேண்டும்.

(ஆ) வயது வந்தோருக்கும் இந்த மருந்தை எழுதி, பின்தொடர்ந்து பார்க்கக்கூடிய உளநல வைத்தியர் ஒருவர் மாதத்தில் ஒரு நாளாவது மன்னாருக்கு வர ஒழுங்கு செய்யவேண்டும். அது கைகூடும்வரை, சிறுவர் வைத்தியரே பதினெட்டு வயதைக் கடந்த பழைய நோயாளரைத் தொடர்ந்து பார்க்கவோ, யாழ்ப்பாணத்து நிபுணர் எழுதும் துண்டுக்கு இங்கே மருந்து கொடுக்கவோ அனுமதி தரவேண்டும்.

(இ) சிறுவர் கிளினிக்கிலிருந்து பிள்ளையொன்றை விடுவிக்க முன்னர், அப்பிள்ளையை ஏற்கப்போகும் வைத்தியர் யார் என்பது உறுதிப்படுத்தப்படவேண்டும். அந்தக் கிளினிக் வாங்கில் இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பதினெட்டு வயது வரும். அவர்களின் தாய்மாரும் ஒரு நாள் பஸ் நிலையத்தில் நின்று அழுவார்கள். அவர்களுக்கு முன்னாலும் யாரோ ஒருவர் கைப்பையைத் திறப்பார்.

12. இவை அனைத்தையும் ஒரே நேரத்தில் செய்வது கடினம் என்பதை அறிவேன். அலுவலகத்தில் வேலை செய்பவள் என்பதால், ஒரு மனுவில் எது முதலில் எழுதப்படுகிறதோ அதுவே பெரும்பாலும் கவனிக்கப்படும் என்பதும் தெரியும். ஷப்னாவுக்கான வேண்டுகோளைத் தெரிந்தே முதலில் எழுதியிருக்கிறேன். பெற்ற தாயாக அதை எழுதக் கை இலகுவில் வரவில்லை. நேற்று இதை மகனுக்கு வாசித்துக் காட்டினேன். வழமையாக நடுவில் எழும்பிப் போய்விடுபவன், முடியும்வரை இருந்து கேட்டான். "ஓம் அம்மா, அதை மேலேயே விடுங்கோ. நான் இன்னும் கொஞ்சம் பொறுப்பன்" என்றான்.

அவனை அதிகநாள் பொறுக்கவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டு முடிக்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்) மா. சிங்கராசா
திருமதி மாக்கிறட் சிங்கராசா

இடம்: தலைமன்னார்
திகதி: 12.08.2025