ஜாக்கியின் அடியில் இருந்த அட்டை

திங்கட்கிழமை, இரவு
நவம்பர் 16, 1987

அன்புள்ள கர்ட்டிஸ் அண்ணாவுக்கு,

உன் தங்கை மார்சி எழுதுவது. நாங்கள் மூவரும் நலம். டொலீடோவில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா தினமும் கேட்கிறாள். உன்னிடம் கேட்க முடியாததால் என்னிடம் கேட்கிறாள். உன் விலாசத்தை அவளுடைய சமையல் குறிப்பு டப்பாவிலிருந்து எடுத்தேன். பூசணி இனிப்பு எப்படிச் செய்வது என்ற சீட்டின் பின்னால் எழுதி வைத்திருக்கிறாள். நான் எடுத்தது அவளுக்குத் தெரியாது. துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது எழுந்து வரும் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவேன், அதனால் கையெழுத்து மாறினால் பொறுத்துக்கொள்.

இங்கே குளிர் வந்துவிட்டது. பள்ளி வாத்தியக் குழுவில் என்னை இரண்டாம் வரிசைக்கு ஏற்றியிருக்கிறார்கள். நன்றித் திருநாளுக்கு வான்கோழி சொல்லியாயிற்று. அம்மா நாலு தட்டு எடுத்து வைக்கப் போவதாகச் சொன்னாள். அப்பா, "மூணு பேருக்கு எதுக்கு நாலு தட்டு, வான்கோழிக்கும் ஒண்ணா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

நான் எழுத வந்தது உன் நீல வண்டியைப் பற்றி. திருநாளுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு ஆலை லீவு. அன்றைக்கு அந்த வண்டியின் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து இறக்கப் போகிறார். தனியாக. இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, சரிசெய்து விற்றுவிடப் போகிறேன் என்கிறார். ஆனால் போன வாரம் வண்டிக் கண்ணாடியில் தொங்கும் உன் பட்டமளிப்புத் தொப்பிக் குஞ்சத்தைக் கழற்றித் தூசி தட்டித் திரும்ப அதே இடத்தில் மாட்டினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். விற்கப்போகிற வண்டியில் யாராவது அப்படிச் செய்வார்களா?

உனக்கு நினைவிருக்கும், நம் தெருவில் யாராவது இன்ஜின் இறக்கினால் கேரேஜ் கதவு திறந்திருக்கும். கூப்பிடாமலே நாலு பேர் வந்து நிற்பார்கள், ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், கடைசியில் பீட்சா வரும். நம் வீட்டுக் கதவு ஏப்ரலிலிருந்து மூடியே இருக்கிறது. மூடிய கதவை இங்கே யாரும் தட்ட மாட்டார்கள். அப்பா வண்டிக்கு அடியில் கிடந்து கத்தினால்கூட யாருக்கும் கேட்காது.

அவர் எடுத்து வைத்திருப்பது அதே பழைய ஜாக்கி. சிவப்பு நிறம் உரிந்த, சக்கரம் வைத்தது. அதன் மேல் அதே பலகை.

அது சரியானதுதானா என்று கேட்கப் பள்ளி விட்டதும் உதிரிபாகக் கடைக்குப் போனேன். கவுன்டரில் ரோண்டா அக்கா இருந்தாள். "என்னடி, நீயே இன்ஜின் இறக்கப் போறியா, இன்னும் லைசென்ஸே வாங்கலையே?" என்று கிண்டல் செய்தாள். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். இன்ஜினைக் கீழிருந்து தாங்கக் கூடாது, சின்ன கிரேனால் மேலிருந்து தூக்க வேண்டுமாம். கியர்பாக்ஸுக்கு என்றே தனி ஜாக்கி இருக்கிறதாம். அகலமான தட்டு, எந்தப் பக்கமும் சாய்த்துக்கொள்ளலாம், கட்டிவைக்க செயினும் உண்டு. சாதாரண ஜாக்கியின் தலை உள்ளங்கை அளவுதான், அதன் மேல் பலகையை வைத்துக் கியர்பாக்ஸை ஏற்றினால் வழுக்கத்தான் செய்யும் என்றாள். எந்த ஜாக்கியாக இருந்தாலும் வண்டியை இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தாமல் அடியில் போகவே கூடாது என்றும் சொன்னாள். கிரேனும் ஜாக்கியும் கடையிலேயே இரவல் கிடைக்கும். "ஆனா வெர்னன் வந்து கையெழுத்துப் போடணும். மழையில குடை நீட்டினாக்கூட வாங்காத மனுஷனாச்சே உங்கப்பா!" என்றாள்.

கடை விளம்பரத் தாளில் அந்த ஜாக்கியைச் சுற்றி வட்டம் போட்டு அப்பாவிடம் காட்டினேன். பார்க்கக்கூட இல்லை. "நம்ம ஜாக்கிக்கு என்ன கேடு? அது நல்லாத்தான் இருக்கு. புடிச்ச கைதான் சரியில்ல" என்றார்.

அண்ணா, இதற்கு மேல் எழுதப் பயமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அந்த ஏப்ரல் நாளில் ஜாக்கி சட்டென்று இறங்கி அப்பாவின் கை அடியில் மாட்டியபோது, அதை இறக்கும் கைப்பிடியை நீ தொடவே இல்லை என்று சொன்னாய். "அப்ப பேயா வந்து திருப்புச்சு?" என்று அப்பா கத்தினார். நசுங்கிய கையில் துண்டைச் சுற்றிக்கொண்டே கத்தினார். ரெண்டு நாள் கழித்து நீ பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நான் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்பாவின் கை நசுங்கியதற்கு முந்தின நாள் சோளம் எடுக்கக் கேரேஜில் இருக்கும் ஃப்ரீஸருக்குப் போனேன். யாரும் இல்லை. ஜாக்கியின் மேல் ஒரு காலை வைத்து ஸ்கூட்டர் மாதிரி கேரேஜ் முழுக்க உருட்டி விளையாடினேன். அப்பா எத்தனை தடவை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இறங்கிப் பார்த்தால் அதன் அடியில் உள்ளங்கை அளவுக்கு எண்ணெய். நான்தான் உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்பாவின் சிவப்புத் துணியால் துடைத்து, துணியைக் குப்பையில் அடியில் புதைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் அதே ஜாக்கியைத்தான் நீங்கள் ரெண்டு பேரும் உருட்டிக்கொண்டு போனீர்கள். அப்போதும் சொல்லவில்லை.

ரோண்டா அக்காவிடம் வேறு யாரையோ பற்றிக் கேட்பது போல, ஜாக்கி மேல் ஏறி விளையாடினால் உடையுமா என்று கேட்டேன். "உன் எடைக்கா? அது ரெண்டு டன் தூக்குறது, கண்ணு. உள்ள ரப்பர் வளையம் கிழடாயிருந்தா தானா ஒழுகும், தானா இறங்கும்" என்றாள். அப்படியென்றால் நான் உடைக்கவில்லை. ஆனால் அது எனக்கு ஆறுதலாக இல்லை. துடைக்காமல் விட்டிருந்தால் அப்பாவே பார்த்திருப்பார்.

சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் கடைக்குப் போனபோது ஜாக்கியைச் சுவரோரம் நிறுத்தி உயர்த்தினேன். தண்ணீரின் கடினத்தைப் போக்கும் இயந்திரத்துக்குப் போடும் உப்பு மூட்டை ரெண்டைப் பலகை மேல் ஏற்றினேன். பலகை நின்ற உயரத்துக்குச் சுவரில் பென்சிலால் கோடு போட்டேன். அடியில் சோளப்பொரி அட்டைப் பெட்டியை வெட்டி வைத்துவிட்டு, பழைய போர்வையால் மூடினேன். நேற்று தேவாலயத்திலிருந்து வந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். பலகை கோட்டுக்கு நாலு விரல் கீழே இருந்தது. கைப்பிடியை யாரும் தொடவில்லை. அட்டையில் வட்டமாக எண்ணெய்.

அந்த அட்டையை ரெண்டாக வெட்டினேன். ஒரு பாதி இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. நீ கைப்பிடியைத் தொடவில்லை, அண்ணா. ஏழு மாதமாக எனக்கு மட்டும் அது தெரியும்.

இன்னொரு பாதியை நாளைக் காலை அப்பாவின் காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அங்கேயே நிற்பேன். என்ன இது என்று கேட்பார். எல்லாவற்றையும் சொல்வேன். என்னைத் திட்டுவார் என்பதுகூடப் பரவாயில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாரோ என்றுதான் பயம்.

நல்ல ஜாக்கியை அந்த வெள்ளிக்கிழமைக்கு எடுத்து வைப்பதாக ரோண்டா அக்கா சொல்லியிருக்கிறாள். ஆனால் அதற்கும் ஒருவர் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். அப்பாவின் சுண்டுவிரல் இப்போது மடங்குவதில்லை, இறுக்கிப் பிடிக்க முடியாது. எனக்கு அந்தளவு மெதுவாகத் திருப்பத் தெரியாது. ஒரு மயிரிழை, இன்னொரு மயிரிழை என்று இறக்கத் தெரிந்தவன் இந்த வீட்டில் நீ ஒருவன்தான்.

என்னை மன்னிப்பதை நீ வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம், மன்னிக்காவிட்டாலும் வா. அம்மாவிடம் நாலு தட்டு வைக்கச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை காலை அப்பா எழுவதற்கு முன்னால் நானே போய்க் கேரேஜ் கதவை முழுசாகத் திறந்து வைப்பேன்.

கடவுள் உன்னை எந்தச் சேதமும் இல்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவுக்காகக் காத்திருக்கும் தங்கை,
மார்சி