தாண்டிப் போன நிறுத்தம்

அப்பா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். விடுதியில் பக்கத்துக் கட்டில் பெண் குறட்டை விடுகிறாள். உங்கள் அளவுக்கு இல்லை.

வெளிநாட்டுப் படிப்புக்கான மாணவர் பரிமாற்றப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நாளிலிருந்து நீங்கள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால்தான் கிளம்பும்போது டாக்சி வேண்டாமென்று, நீங்கள் ஓட்டும் பேருந்திலேயே ஏறினேன். விமான நிலையத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அப்போதும் கண்ணாடியில் மட்டும் பார்த்தீர்கள்.

இருபது வருடத்தில் ஒரு நிறுத்தத்தைக்கூடத் தவறவிடாத நீங்கள், புறப்பாட்டு வாசலைத் தாண்டிப் போய், முழுச் சுற்று சுற்றி வந்து நிறுத்தினீர்கள்.

"கவனிக்கலம்மா. நேரமாயிடுச்சா?"

"இல்லப்பா."

பெட்டியை இறக்கி வைத்து, "மாத்திரையெல்லாம் நானே பாத்துப் போட்டுக்குவேன், நீ போ" என்றீர்கள்.

இங்கேயும் பழக்கதோஷத்தில் பேருந்து ஓட்டுநருக்குப் பின்னால்தான் உட்காருகிறேன். அவர் கண்ணாடியில் பார்ப்பதே இல்லை.

அன்றைய தவறுக்கு இன்னும் உங்களையே திட்டிக்கொண்டிருப்பீர்கள். வேண்டாம் அப்பா. வாசல் வருவதை நானும் பார்த்தேன். நிறுத்தச் சொல்லும் மணிப் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் அழுத்தவில்லை.

உங்கள் மகள்