வாயில் பிடித்த சுற்று

அக்கரையில் இருக்கும் என் மச்சானுக்கு, இக்கரையில் பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து சொல்லி எழுதச் செய்வது.

நான் சுகம். முட்டி மட்டும் சுகமில்லை. உன் காது எப்படி இருக்கிறது? ஆளுயர ஸ்பீக்கரை ஒட்டி நின்று பேஸ் கிட்டார் வாசிக்காதே என்று அன்றைக்கே தலைதலையாய் அடித்துக்கொண்டேன், கேட்டாயா? இப்போது போனில் கத்தினாலும் உனக்கு விழுவதில்லை. அதனால்தான் கடிதம்.

நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவன் என்று உனக்குத் தெரியும். எழுதுவது எதிர்வீட்டுத் தையல்காரம்மா. அவர் வராந்தாவில் ஸ்டூல் போட்டிருக்கிறார், நான் ஜன்னல் கம்பிக்கு உள்ளே. மெதுவா சொல்லுங்க பெரியவரே, என் கை என்ன தையல் மிஷினா என்கிறார். அதையும் எழுதுங்கள் என்றேன். முறைத்துக்கொண்டே எழுதுகிறார்.

கதவை வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போவது வேறு யாருமில்லை, என் மகள். மேஜைமேல் சோறு, பிளாஸ்க்கில் டீ, குளியலறையில் வழுக்காத ரப்பர் விரிப்பு. ஒரு குறையும் இல்லை, சாவியைத் தவிர. சாயங்காலம் அவள் வரும்வரை இந்தக் கம்பி வழியாகத் தெரிகிற வராந்தாதான் எனக்கு ஊர், உலகம் எல்லாம்.

எப்படி வந்தது இந்த வினை என்று கேட்பாய். நீ பதிவு செய்து அனுப்பிய பேஸைக் கேட்டேன். வயசானாலும் உன் விரலுக்குக் குசும்பு போகவில்லை. அதற்கு அடியில் ஓட ஒரு சுற்று போடலாம் என்று நம் பழைய பெட்டியைத் தூசி தட்டினேன். டான்ஸ் ஹாலில் நான் வாசித்த அதே சிந்தசைசர்தான். என்ன பெட்டி என்று தையல்காரம்மா கேட்கிறார், அவருக்காகச் சொல்கிறேன். வரிசையாகத் திருகுகள், திருகுக்கு ஒரு தட்டு, தாளத்தில் ஒரு அடி மாதிரி. விளக்கு இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடும், திரும்ப முதலிலிருந்து வரும், அதுதான் சுற்று. எந்தத் தட்டு ஏறணும், எது வழுக்கி அடுத்ததில் விழணும், எது வாயை மூடிக்கொண்டிருக்கணும் என்று நாம் வைக்கிறோம். எல்லாத் தட்டும் பேசினால் அது வெறும் இரைச்சல். வர வேண்டிய இடத்தில் ஒன்று வராமல் போகும்போதுதான் இடுப்பு தானாக ஆடும்.

அதற்கு ஒரே சுற்றை நாள் முழுக்க ஓடவிட்டு, மயிரிழை மயிரிழையாகத் திருக வேண்டும். உனக்கும் எனக்கும் இது வேலை. மகளுக்கு அது கோளாறாகத் தெரிந்தது. காலையில போகும்போதும் அதே சத்தம், வரும்போதும் அதே சத்தம், என்னப்பா ஆச்சு உனக்கு என்றாள். பெட்டியை முடுக்கி, அது சூடாகட்டும் என்று எதிரில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் பயந்தாள்.

கடைசியில் சுற்று பிடிபட்டது, மச்சான். கடைசிக்கு முந்தின தட்டை ஊமையாக்கினேன் பார், அப்படி நொண்டிக்கொண்டே துள்ளியது. அந்த நேரம் பார்த்து ஃபியூஸ் போயிற்று. திருகுகள் வைத்த இடத்தில்தான் இருக்கும், ஆனால் பெட்டி ஒரு தடவை ஆறிவிட்டால் பழைய சுருதிக்குத் தானாக வராதே. வாயில் பிடித்து வைத்திருந்தால்தான் மறுபடி சேர்க்க முடியும். சுற்றை முனகிக்கொண்டே, போட்டிருந்த பனியனோடு ஃபியூஸ் வாங்கக் கிளம்பினேன். வாட்ச்மேன் எங்கே போறீங்க என்றார், பதில் சொல்லவில்லை. கடைக்காரர் என்ன வேணும் என்றார், கருகிய ஃபியூஸை நீட்டினேன். உங்க வீடு எங்கே, பேர் என்ன என்றார்கள் கடையில் நின்றவர்கள். வாயைத் திறந்தால் சுற்று போய்விடும். தாளத்துக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். இரண்டு பேர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார்கள். நீயாக இருந்திருந்தால் கூடவே தட்டிக்கொண்டு வந்திருப்பாய்.

அன்றைக்குப் போட்ட பூட்டு. எத்தனை விளக்கினாலும், சரிப்பா, சரிப்பா என்கிறாள், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. இந்தப் பெட்டிதான் புத்தியைக் கலைக்கிறது என்று, மாதக் கடைசியில் எடுத்துப் போக ஆளுக்கும் சொல்லிவிட்டாள்.

அவளைத் திட்டாதே. அவள் அம்மா கடைசியில் நினைவு தப்பி எப்படி இருந்தாள் என்று நீ பார்த்தாய். திறந்து கிடந்த கதவு வழியாக இறங்கிப் போனவளை ரோட்டோரத்திலிருந்து தூக்கி வந்தவர்களில் நீயும் ஒருவன். பூட்டுகிற கைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

டாக்டரிடமும் கூட்டிப் போனாள். கிழமை கேட்டார், சொன்னேன். நம் டான்ஸ் ஹாலைப் பற்றிக் கேட்டார், கதவின் நிறம் வரைக்கும் சொன்னேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு, உங்க மனைவி போன அன்னைக்கு வீட்டில யாரு இருந்தா, கதவு எப்படித் திறந்து கிடந்தது என்று கேட்டார். மகள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். மறுபடி கேட்டார். மறுபடியும் அதையேதான் சொன்னேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

நான் எதை மறப்பேன், எதை மறக்க மாட்டேன் என்று உனக்குத் தெரியாதா, மச்சான்.

அதனால் நீ அவளுக்கு எழுது. மாமா சொன்னால் கேட்பாள். ஒரே சுற்றை நாங்கள் இருவரும் நாள் முழுக்கப் போட்டு உயிரை வாங்கினோம், அப்போதும் உங்கப்பனுக்குப் புத்தி இருந்தது என்று எழுது. பெட்டியை விட்டுவைக்கச் சொல். முடிந்தால் சாவியையும் கேள். ஆனால் அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் ஒரு வரியும் வேண்டாம். அதைச் சொன்னால்தான் கதவு திறக்குமென்றால், பூட்டியே இருக்கட்டும்.

உன் காதும் விரலும் நன்றாயிருக்க வேண்டும். என் பிள்ளை ராத்திரியில் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்று நீயும் வேண்டிக்கொள்.

இப்படிக்கு,
உன் பெட்டிக்காரன்