கோழி இறகும் பாதி டீயும்

நேற்று சம்பந்தி வீட்டில் காபி டம்ளரை நழுவவிட்டேன். நேராக அவர் மடியில். வெள்ளை வேட்டி. "பரவால்ல, பரவால்ல" என்று துள்ளிக்கொண்டே சொன்னார், நல்ல மனுஷன். எல்லோரும் சிரித்தார்கள். என் பெண் மட்டும் சிரிக்காமல் என் விரல்களையே பார்த்தாள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது மச்சான். எதைக் கொட்டினாலும் இன்னும் உன்னைத்தான் முதலில் தேடுகிறேன்.

இதே பெண்ணுக்கு அப்போது மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தோம். ஒரகடம் பக்கம் கல் குவாரியில், பாறை துளைக்கும் மிஷினை நீயும் நானும் மாற்றி மாற்றிப் பிடித்த காலம். முதலில் என் விரல் நுனியில் எறும்பு ஊர்வது போலிருந்தது. அப்புறம் எரிச்சல். மார்கழிக் குளிரில் விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்தன. பீடி சுட்டதுகூடத் தெரியவில்லை. நான் எட்டாவது வரை படித்தவன். பயப்படுவதற்கு அந்தப் படிப்பு தாராளம். குஷ்டம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஊருக்குத் தெரிந்தால் பெண்ணை யார் கட்டுவார்கள்? கையைத் துண்டுக்குள் ஒளித்துக்கொண்டு திரிந்தேன். வீட்டில் கேட்டதற்குத் துண்டு புதுசு என்றேன்.

நீ கண்டுபிடித்தாய். உயிரோடிருந்த உன் மாமனாரைச் சாகடித்து மேஸ்திரியிடம் லீவு வாங்கினாய். தெரிந்த முகம் இருக்காது என்று சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி ஓர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாய். பஸ்ஸில், "கைய வெளிய எட்றா. ஒளிச்சிகினா போயிடுமா?" என்றாய்.

அங்கே உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, கண்ணைக் கட்டிவிட்டுக் கோழி இறகால் தொடுவார்கள். தொட்ட இடத்தை நான் காட்ட வேண்டும். உன் துண்டால்தான் கட்டினார்கள். பீடியும் மிஷின் எண்ணெயும் நாறிய அந்த இருட்டில் இறகுக்காகக் காத்திருந்தேன். திடீரென்று முதுகில் உன் விரல் குத்தியது. இடப்பக்கம் குத்தினால் இடது கையாம். பரீட்சைக்குப் பிட் கொடுக்கிறாய்! டாக்டர் பார்த்துவிட்டார். "நோயாளி யாருய்யா, நீயா அவனா?" என்று உன்னை வெளியே விரட்டினார்.

நீ போனதும் இறகு வந்தது. மங்கலாகத்தான், ஆனால் தெரிந்தது. மறுபடி வந்தது, தெரிந்தது. உடம்பெல்லாம் தேடியும் தேமல் இல்லை. குஷ்டமில்லை, மிஷின் ஆட்டம் நரம்பை அடித்திருக்கிறது, அதை விட்டுவிடு என்றார் டாக்டர். துளையில் தண்ணீர் ஊற்றும் வேலைக்கு மாறி, மணிக்கட்டு மடங்காமல் பட்டை வைத்துக் கட்டிப் படுத்து, எரிச்சல் அடங்க மாசக்கணக்கில் ஆயிற்று. மரமரப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை; சம்பந்தி வேட்டியே சாட்சி. விரல் வெளுத்தால் இப்போதும் கண்ணை மூடித் துண்டு நூலால் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

அன்றைக்கு நான் வெளியே வந்தபோது நீ டீக்கடை பெஞ்சில் இருந்தாய். பாதி குடித்த கிளாஸை நீட்டினாய்.

"இந்தா, ஆறிடப் போவுது."

என் கையில் அது ஆடியது. நீ அடியில் பிடித்துக்கொண்டாய். நான் இரண்டு மடக்கு குடித்தேன். மிச்சத்தை வாங்கி, என் வாய் பட்ட இடத்திலேயே நீ குடித்தாய்.

டாக்டர் சொன்னதை அதுவரை நான் உன்னிடம் சொல்லியிருக்கவில்லை மச்சான். அதைக் கேட்டுவிட்டுக் குடிடா என்று நாக்கு நுனி வரை வந்தது.