நீ கேட்ட பத்து நிமிடம்

அக்கா,

சனிக்கிழமை காலை சுபா வெயிலுக்குப் பூசுகிற கிரீமைக் கையில் பிதுக்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் நீச்சல் போட்டி. தேங்காயும் ஏதோ பூவும் கலந்த அந்த வாசனை கூடத்திலிருந்து அடுப்படிவரை வந்தது. எட்டு வருஷமாக அந்த வாசனை இல்லாத கிரீமாகத் தேடிப் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தேன். இந்த முறை அவளே செம்பூர் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் வாங்கி வந்துவிட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். அந்தமான் கடற்கரையில் உன் பிடரியில் நான் பூசிவிட்டதும் அதே கிரீம்தான். "கல்யாண வீட்டுச் சாப்பாடு மாதிரில்லா மணக்கு" என்று நீ சிரித்தாய்.

உன்னை ஏன் அங்கே கூட்டிப்போனேன் என்று உன்னிடம் சொன்னதே இல்லை. தீவுக்குப் போவது என்று முடிவானதும், "ரெண்டு சின்னப் பிள்ளைகளையும் வச்சிக்கிட்டு நம்மால ஆகாது, உங்க அக்காவக் கூப்பிடு" என்றார் இவர். அருணுக்கு அப்போது ஏழு வயது, சுபாவுக்கு நாலு. நான் தாராவிக்கு வந்து உன்னிடம், "நீயும் வந்து கடலப் பாரேன் அக்கா" என்றேன். நீ நம்பினாய். சட்டைகளுக்குக் காஜா போடும் பட்டறையில் சண்டை போட்டு ஒரு வாரம் லீவு வாங்கினாய். பிள்ளைகளுக்கு நாடா வைத்த துணித்தொப்பி இரண்டு தைத்தாய். உனக்கென்று ஒரு புது நைட்டி எடுத்தாய்.

அங்கே போன முதல் நாள் முழங்கால் தண்ணீரில் நின்று குனிந்து பார்த்து, "ஏட்டி, கால் நகம் தெரியுதுட்டி!" என்று கத்தினாய். முப்பது வருஷம் மும்பையில் இருந்தவள். கடல் என்றால் கலங்கிய தண்ணீர்தான் என்று நினைத்திருந்தாய். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு நாளும் உன்னை நாங்கள் கடலுக்கு விடவில்லை என்றுதான் சொல்லவேண்டும். நாங்கள் ஓட்டல் தோட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது நீ அறையில் பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாய். கண்ணாடி அடித்தளம் வைத்த படகில் மீன் பார்க்கப் போனோம். சுபா தூங்கிவிட்டாள் என்று நீ அவளோடு தங்கிவிட்டாய். திரும்பி வந்தபோது எல்லாருடைய ஈரத்துணியும் வெளியே கொடியில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது.

நாலாம் நாள்தான் நீ வாய்விட்டுக் கேட்டாய். இவர் அருணைக் கூட்டிக்கொண்டு முக்குளிக்கப் போயிருந்தார்.

"ஏட்டி, ஒரு பத்து நிமிஷம் நான் மட்டும் தண்ணில நின்னுட்டு வரட்டா? பிள்ளையப் பாத்துக்கிடுவியா?"

"போக்கா, நான் பாத்துக்கிடுதேன்."

சுபா என் காலடியில் வாளியில் மணல் அள்ளிக்கொண்டிருந்தாள். நான் போனை எடுத்தேன். ஆபீஸ் தோழிகளுக்கு அனுப்பப் படம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் என் முகம் கொஞ்சம் மெலிந்து தெரிந்தது. அதை அனுப்பலாமா, மற்றதை அனுப்பலாமா என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். அந்தப் படத்துக்காகத்தான் அக்கா. வேறு ஒன்றுமில்லை.

"ஏ பிள்ளே!" என்று உன் குரல் கேட்டு நிமிர்ந்தேன். வாளி இருந்தது. சுபா இல்லை. நீ தண்ணீருக்குள் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருந்தாய். நைட்டி காலில் சுற்றி ஒருமுறை விழுந்து எழுந்தாய். அலைக்குள் அவளுடைய சிவப்புச் சட்டை புரண்டதை அப்போதுதான் பார்த்தேன். உனக்கு நீச்சல் தெரியாது. கழுத்தளவு தண்ணீரில் அவளை எட்டிப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினாய். அடுத்த அலை உன் முகத்துக்கு மேலே போனது. உன் கை மட்டும் அவளோடு வெளியே நின்றது. நான் ஓடி வந்து சேர்ந்தபோது நீ அவளைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாய். தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதாள்.

அந்த நேரம்தான் இவர் மறுபக்கமிருந்து ஓடி வந்தார். அவர் கண்டது கடலுக்குள் நீயும் பிள்ளையும், பின்னால் பதறிக்கொண்டு நான்.

"மதினி, அறிவிருக்கா உங்களுக்கு? நாலு வயசுப் பிள்ளைய இவ்வளவு ஆழத்துக்கா கொண்டு போறது? உங்கள எதுக்குக் கூட்டிட்டு வந்தோம்? பிள்ளையப் பாத்துக்கிடத்தானே?"

நீ என்னைப் பார்த்தாய். நான் போனைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டிருந்தேன். நீ அதையும் பார்த்தாய்.

"எந் தப்புதான் தம்பி. கை நழுவிட்டு" என்றாய்.

சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருத்தி, வேலைக்காரியை நம்பிப் பிள்ளையை விடாதீர்கள் என்று இந்தியில் எனக்குப் புத்தி சொன்னாள். அதற்கும் தலையாட்டினேன்.

சாயங்காலம் நீ குளியலறையில் மண் போகத் துணி அலசிக்கொண்டிருந்தபோது வந்து, "ஏங்க்கா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"உம் பேரச் சொன்னா அவரு சும்மா விடுவாரா? நான் நாளன்னைக்குத் தாராவிக்குப் போயிருவேன். நீல்லா அந்த வீட்டுல இருக்கணும்" என்றாய். "போ, பிள்ளைக்குப் பால் குடு."

மும்பைக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஊருக்கு வந்ததும் அது கதையாகிவிட்டது. முலுண்டில் இவருடைய அண்ணன் வீட்டில் இவர்தான் முதலில் சொன்னார். நான் மறுக்கவில்லை. அடுத்த முறை நானும் சேர்ந்து சொன்னேன். மூன்றாம் முறை, "நான் மட்டும் ஓடிப் போய்த் தூக்கலைன்னா..." என்றேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். அருணின் பிறந்தநாளில் அதையே சொன்னபோது நீ பின்னால் நின்று கேக்கைத் துண்டு போட்டுத் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தாய். உன் கை நிற்கவில்லை.

சுபாவுக்கு ஆறு வயதிருக்கும். கீழே ஐஸ்கிரீம் வாங்கித்தர நீ அவளை அழைத்தபோது, "பெரியம்மா கூட நான் ரோடு கிராஸ் பண்ண மாட்டேன்" என்றாள். நீ சிரித்தாய். "ஆமா தாயி, அம்மா கையப் பிடிச்சுக்கோ" என்று அவள் கையை எடுத்து என் கையில் வைத்தாய். அதற்குப் பிறகு நீ அவளை வெளியே கூட்டிப்போகவே இல்லை. அழைக்காமல் எங்கள் வீட்டுக்கு வருவதையும் விட்டுவிட்டாய்.

இரண்டு வருஷத்துக்கு முன் நீ நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்றாம் நாள் மத்தியானம் நாம் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். "அக்கா, அன்னைக்கு அந்தமான்ல..." என்று ஆரம்பித்தேன். நீ கண்ணைத் திறந்து, "அந்தத் தண்ணி என்ன தெளிவு, இல்லட்டி?" என்றாய். எனக்கு ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. அந்த வழியாகத் தப்பித்துக்கொண்டேன். "ஆமாக்கா" என்றேன். ஐந்தாம் நாள் நீ போய்விட்டாய்.

சனிக்கிழமை கிரீம் பூசிக்கொண்டே சுபா, "இப்போ பெரியம்மா மாதிரி யாரு கைவிட்டாலும் நானே நீந்தி வந்துருவேன்" என்றாள். அருண் சிரித்தான். இவரும் சிரித்தார். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். படம், போன், துப்பட்டா எல்லாவற்றையும்.

இவர் சாயாவைக் கீழே வைத்தார். "ஆறு வருஷம் அவங்க வந்தா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உள்ள போனேன்" என்றார். "ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா?"

சுபா கேட்டது ஒன்றுதான்: "பெரியம்மாவுக்கு ஸ்விம்மிங் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமலா உள்ள வந்தாங்க?" பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "மம்மி, நீ வராத. பப்பா மட்டும் வரட்டும்."

நேற்று ஞாயிற்றுக்கிழமை, தாராவியில் நம் சித்தியின் மகளுக்கு வளைகாப்பு. சுபாவைப் பார்த்ததும் சித்தி பக்கத்தில் இருந்தவர்களிடம், "இந்தப் பிள்ளையத்தான் கடல் கொண்டு போகப் பாத்துச்சு. பெரியம்மாக்காரி கைய விட்டுட்டா" என்று தொடங்கினாள். நான் நிறுத்தினேன். "இல்ல சித்தி. விட்டது நான். தூக்குனது அக்கா."

சித்தி என் கன்னத்தைத் தடவினாள். கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "செத்துப்போன அக்கா பேரு கெடக் கூடாதுன்னு பழியத் தன் தலையில போட்டுக்கிடுதா பாத்தியளா? இப்படி ஒரு தங்கச்சி யாருக்கு வாய்க்கும்?"

பெண்கள் ஆமாம் என்றார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா, உண்மையைச் சொன்னதற்கும் எனக்குத்தான் நல்ல பேர் வந்தது. ஒரு நொடி, ஒரே நொடி, அது எனக்கு இதமாக இருந்தது. அதையும் உன்னிடம் மறைக்கக்கூடாது.

சுபா சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அருகில் வரவில்லை. நான் அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்தாள்.

இனி எத்தனை வீட்டில், எத்தனை பேரிடம் இதைச் சொல்லவேண்டியிருக்கும் என்று தெரியவில்லை. நம்பாதவர்களிடம் இரண்டு முறை சொல்லவேண்டும். உன் பேரில் நான் சொன்ன பொய்யை எங்கெல்லாம் வைத்தேனோ அங்கெல்லாம் போய் எடுக்கவேண்டும். சில வீடுகளில் கேட்டவர்களே இப்போது இல்லை.

சித்தியின் கையைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி தொடங்கினேன். "சித்தி, உக்காருங்க. பத்து நிமிஷம் தண்ணில நின்னுட்டு வரட்டான்னு அக்கா எங்கிட்ட கேட்டா. போன்னு சொன்னது நான்தான்."