மூன்றாம் புட்டிப் பாசி

அன்புள்ள இவாலுவுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை தெகுமெக்கும் பதினோரு நாய்களும் என் இடது முழங்கால் நீங்கலாகச் சுகம், கோபன்ஹேகனில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். வடகோடிப் பனியூராம் நம் சியோராபலுக்கின் மாபெரும் வேட்டைக்காரனாகிய நான், ஒருவரும் நம்பமாட்டாத கதையொன்றை இக்கடிதத்தில் சொல்வேன் என்று சத்தியம் செய்கிறேன்.

பறவை எச்சம் விழுகிற இடத்துப் பாசியில்தான் துள்ளுபூச்சியும் நீர்க்கரடியும் பெருகும், என் ஆராய்ச்சிக்குப் பறவைகள் கூடுகட்டும் மூன்று சரிவிலிருந்தும் ஒவ்வொரு புட்டி அனுப்பு என்று கேட்டிருந்தாய். பெருகுவதாவது! முதல் புட்டிக்குப் பாசியைக் கிள்ளியதும் பூச்சிகள் ஒன்றாய்த் துள்ளிய வேகத்தில் என் தொப்பி கடல் தாண்டிக் கனடாவில் விழுந்தது. இரண்டாவதில் ஒரு நீர்க்கரடி, மணல் துகளைவிடச் சிறிய பிராணி, உறுமிய உறுமலில் பனிக்கரடி ஒன்று என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடியது. பக்கத்து வீட்டு மிதெக், “உன் பொய்யை இழுக்க நாய் பத்தாதுடா, கப்பல்தான் வேணும்” என்றான்.

ஆனால் போன வாரம் நீ தொலைபேசியில், “கிழக்குச் சரிவுப் புட்டியிலதான் மாமா எல்லாத்தையும்விட அதிகம்! பறவை குறைஞ்சாலும் பாசி தாங்கும்னு மேடையிலயே சொல்லப்போறேன்” என்று துள்ளினாயே, அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிழக்குச் சரிவில் இந்தக் கோடையில் நீளக்கோல் வலையோடு காலை முழுவதும் உட்கார்ந்தும் ஏழே பறவைகள்தான் சிக்கின. சின்ன வயதில் பறவைகளின் இரைச்சல் தாங்காமல் நீ காதைப் பொத்திக்கொண்டு ஏறுவாயே, அதே இடத்தில் என் மூச்சு எனக்கே கேட்டது. பாசி வெளுத்து, மிதித்தால் நொறுங்கியது. அதை உனக்கு அனுப்ப மனம் வரவில்லை. கீழே இறங்கி, நாம் கிவியாக் புளிக்கட்டுமென்று புதைக்கிற கற்குவியலின் ஓரத்தில், சீல் தோலுக்குள் திணித்த பறவைகளின் சாறும் கொழுப்பும் வருஷக்கணக்காகக் கசிந்த மண்ணில், தளதளவென்றிருந்த பாசியைக் கிள்ளி மூன்றாம் புட்டியை நிரப்பிவிட்டேன். நீ எண்ணியதெல்லாம் நம் குளிர்காலச் சாப்பாட்டில் கொழுத்த பூச்சிகள். அத்தையிடம் உளறினேன். “அம்மா இல்லாத பிள்ளைன்னு தூக்கி வளத்தது, நாலு பேர் முன்னாடி தப்பைச் சொல்லிட்டு நிக்கறதுக்கா? இப்பவே எழுதுங்க” என்று பேனாவைக் கையில் திணித்துவிட்டாள்.

இத்துடன் ஒரு புட்டி வருகிறது. நேற்று கம்பு ஊன்றிக் கிழக்குச் சரிவில் ஏறிக் கிள்ளியது, மிதெக் சாட்சி. அதில் பெரிதாக ஒன்றும் இருக்காதம்மா. இருப்பதை எண்ணு, இல்லாவிட்டால் இல்லையென்று சொல். மாமா ஏமாற்றினார் என்றும் சொல், என் புகழ் தாங்கும். கோபம் ஆறியதும் தொலைபேசியில் கூப்பிடு. அந்த ஊர் மழையில் காலை நனைக்காதே. நீ போகிற வழியெல்லாம் பனி உறுதியாக இருக்கட்டும்.

உன்னை வளர்த்த மாமா,
இமினா

பி.கு. தொப்பி ஆணியில்தான் தொங்குகிறது, கரடி வரவேயில்லை. எண் என்று வந்தால் என் கை சும்மா இருக்காது என்பது உனக்குத் தெரியும். சிக்கிய பறவை ஏழு என்று எழுதியதும் கூட்டிச் சொன்னதுதான். நான்கு. அதை அப்படியே எழுதிக்கொள், அது உண்மை.